ரோதை முனி கேட்ட புகை

எங்கள் தோட்டத்து ரோதை முனிக்குக் கஞ்சா என்றால் உயிர். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பிள்ளையார் கொழுக்கட்டை தின்கிறார் என்று சொல்ல யாராவது கூச்சப்படுகிறார்களா?

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இந்தச் சாமியைத் தெரிந்திருக்காது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே மெஷின்களையெல்லாம் சுற்றவைக்கிற பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதைக் காவல் காக்கிறவர் ரோதை முனி. ஸ்டோருக்குப் பின்பக்கம் ஒரு மாமரம், அதன் அடியில் ஒரு கல், மூன்று சூலம், அவ்வளவுதான் அவருடைய கோவில். அவருக்குக் குறை வைத்தால் மெஷினில் யாருடைய விரலாவது போகும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. எங்கள் ஸ்டோரில் விரல் போனவர்கள் இருந்தார்கள். எந்த வருஷப் பூசையில் என்ன குறை வைத்ததால் எந்த விரல் போனது என்று விளக்கம் சொல்வதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டம் இலங்கையில், பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில் இருந்தது. நான் ஸ்டோரில் தூளிலிருந்து காம்பு பொறுக்குகிற வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் கொழுந்து உருட்டும் மெஷினில் இருந்தார். ரோதை முனிக்கு அவர்தான் பூசாரி. வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. சாமிக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார்.

வருஷப் பூசை கச்சான் காற்று கிளம்புவதற்கு முன்னால் வரும். அந்தக் காற்று வீசுகிற மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும். இரவு பகலாக ஸ்டோர் ஓடும். அதனால் அதற்கு முன்பு முனியைத் திருப்திப்படுத்திவிட வேண்டும். முறை இதுதான். உடுக்கு அடித்ததும் என் வீட்டுக்காரர் மேல் சாமி வரும். தோட்டத் தலைவர் முன்னால் போய், "சாமி, என்ன வேணும்? கேளு" என்பார். சாமி ஒவ்வொன்றாகக் கேட்கும். சேவல், சாராயம், சுருட்டு, கடைசியாகப் புகை. புகை என்றால் சிலும்பி என்கிற மண் குழாயில் அடைத்த கஞ்சா. அதைப் பற்றவைத்துச் சூலத்துக்கு முன்னால் வைப்பார்கள். கேட்டதெல்லாம் கிடைத்த பிறகு சாமி திருநீறு எடுத்துக் கொடுக்கும். அந்தத் திருநீறைக் கொண்டுபோய் ரோதையில் பூசினால்தான் மறுநாள் ஆட்கள் மெஷினில் கை வைப்பார்கள். பூசாவிட்டால் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

சாமி இழுத்தது போக மிச்சம் சிலும்பியில் நிறையவே இருக்கும். முனிக்கு மூச்சு சின்னது போலிருக்கிறது. அதை ஆம்பிளைகள் மாமரத்துக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து பிரசாதமாக எடுத்துக்கொள்வார்கள். பொம்பளைகளுக்குப் பொங்கலும் பாத்திரம் கழுவுகிற வேலையும். முனியைப் பற்றி எனக்கிருந்த ஒரே மனத்தாங்கல் அதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால், எங்களோடு கப்பலேறி வந்தது என்பேன். திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து காடு வெட்ட வந்தவர்கள் உரலையும் அம்மியையும் விட்டுவிட்டு வந்தாலும் முனியை விட்டுவிட்டு வரவில்லை. முனி வந்தால் முனியின் புகையும் வரத்தானே செய்யும். அந்தக் காலத்தில் அங்கே கஞ்சாவை வெள்ளைக்கார சர்க்காரே லைசன்ஸ் கொடுத்துக் கடையில் விற்கவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே வெள்ளைக்காரன் கடலுக்கு இந்தப் பக்கம் அதே இலையைக் குற்றமாக்கினான். ஒரே ராஜா, ஒரே இலை, நடுவில் கொஞ்சம் தண்ணீர். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று நான் பல நாள் காம்பு பொறுக்கிக்கொண்டே யோசித்திருக்கிறேன். யோசிக்க நல்ல வேலை அது.

ஆனால் வெள்ளைக்காரத் துரைமார் இருந்தவரைக்கும் எங்கள் தோட்டத்தில் அந்தச் சட்டம் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. பூசைக்கு ஒரு போத்தல் சாராயம் அனுப்புவார்கள், திருநீறு பூசிக்கொள்வார்கள், சிலும்பி புகையும்போது மலையைப் பார்ப்பார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் கத்தரியும் போஞ்சியும் போட்டிருக்கிற துண்டு நிலத்தில் ஒன்றிரண்டு கஞ்சாச் செடி நிற்கும். கோழிக்குச் சீக்கு வந்தால் அதில் நாலு இலை கிள்ளிப் போடுவோம். போதாததற்கு மொனராகலைப் பக்கத்தில் காடு எரித்துப் பயிரிடுகிற சேனைகளிலிருந்தும் செத்தல் மிளகாய் மூட்டைக்குள் உட்கார்ந்து வரும். பதுளையில் ஒரு சிங்கள வைத்தியர் அதை அரசாங்க அனுமதியோடு வாங்கி, நெய்யில் வறுத்து, தேனில் கிண்டி லேகியமாக விற்பார். பெரிய மனிதர்கள் காரில் வந்து வாங்கிப்போவார்கள். வைத்தியர் கையிலிருந்தால் மருந்து, முனியின் கையிலிருந்தால் குற்றம்.

பிறகு எங்களுக்குப் புதிய துரை வந்தார். நம் நாட்டுக்காரர், வயது குறைவு, சட்டையில் மடிப்புக் கலையாது. கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் சரிசெய்யாமல் இருக்க முடியாத மனிதர். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே, மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் ஒருவன் தூங்கிப்போய் ஒரு நாள் கொழுந்து முழுக்கக் கருகிவிட்டது. அவன் தூங்கியதற்குக் காரணம் முந்தின நாள் அவன் வீட்டில் நடந்த கல்யாணம். துரை அதைக் கேட்கவில்லை, எல்லாம் கஞ்சாவால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வந்து நின்றார். அவருடைய தமிழ் கொஞ்சம் நொண்டும்.

"கஞ்சா எல்லாம் இனி இல்லை. யார்கிட்ட இருந்தாலும் பொலிஸ். அப்புறம் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்துவது. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளைகுட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அன்றைக்குச் சாயங்காலமே லயத்துப் பின்பக்கத்துச் செடிகளெல்லாம் காணாமல் போயின. கத்தரிக்காய் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

துரை அதோடு நிற்கவில்லை. வருஷப் பூசைக்குத் தானும் வருவதாகச் சொல்லி, கூடவே பொலிஸ் இன்ஸ்பெக்டரையும் விருந்தாளியாக அழைத்துவிட்டார். சாமி கும்பிட அழைத்தாராம். எங்களுக்குப் புரியாதா?

மற்றவர்கள் கஞ்சாவை ஒளித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். என் வீட்டுக்காரர்தானே சாமி வந்து, எல்லார் முன்னாலும், வாயைத் திறந்து புகை கேட்க வேண்டியவர்? கேட்டால் இன்ஸ்பெக்டர் அங்கேயே நிற்கிறார். கேட்காவிட்டால், இத்தனை வருஷமும் கேட்டது சாமி இல்லை, பொலிஸைக் கண்டதும் பயந்துபோன இந்த ஆள்தான் என்று ஊர் சிரிக்கும். திருநீறை யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்டோர் ஓடாது. அதற்கும் துரை அவரைத்தான் பிடிப்பார்.

பூசையன்று காலையில் என் வீட்டுக்காரர் வேட்டி கட்டும்போது கேட்டேன்.

"ஏங்க, இன்னிக்கு மட்டும் புகை வேணாம்னு சாமிகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லி வைக்கக் கூடாதா?"

"என்னா புள்ள பேசுற. சாமி என்னா என் மச்சானா? அது வரும்போது நான் எங்க இருக்கேன்? அது கேக்குறதத்தான் வாய் சொல்லும்."

"அப்ப ஜெயிலுக்கும் சாமியே போகட்டும். உங்கள வுட்டுரச் சொல்லுங்க."

அவர் வேட்டி மடிப்பைச் செருகினார். அப்போதுதான் இடுப்பில் ஒரு சின்னப் புடைப்பைப் பார்த்தேன். வாழைச் சருகில் மடித்த பொட்டலம். வேறென்ன, சாமிக்குத்தான். சாமி கேட்டால் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லையாம். இந்த மனிதரை அடிப்பதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருந்தன. கையை நீட்டி அதைப் பிடுங்குவதற்குள் உடுக்குச் சத்தம் கேட்டது, ஆட்கள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாமரத்தடியில் தோட்டமே கூடியிருந்தது. முன்வரிசையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் துரை, இன்னொன்றில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் சிங்களவர், பெரிய மீசைக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் கதிர்காமத்து முருகன் முன்னால் எப்படி இருப்போமோ அப்படித்தான் இருந்தார். ஆனால் மூக்கு மட்டும் வேலையில் இருந்தது.

உடுக்கு வேகம் பிடித்தது. என் வீட்டுக்காரர் உடம்பு நடுங்கியது. சாமி வந்துவிட்டது. தலைவர் முன்னால் போனார்.

"சாமி, என்ன வேணும்? கேளு."

சேவல் கேட்டது, கொடுத்தார்கள். சாராயம் கேட்டது, துரையே எழுந்து போத்தலைக் கொடுத்தார். சுருட்டு கேட்டது, இன்ஸ்பெக்டர் நெருப்புப் பெட்டியை நீட்டினார். இவ்வளவு நல்ல இன்ஸ்பெக்டரை நான் பார்த்ததில்லை. பிறகு சாமி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"இன்னுமொண்ணு இருக்கு. எங்கடா?" என்றது.

தலைவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியின் கை மெதுவாக இடுப்புப் பக்கம் போனது. என் கண் அந்தக் கையைவிட்டு அகலவில்லை. இன்ஸ்பெக்டருடைய கண்ணும்தான்.

எனக்கு வந்தது பயமா கோபமா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டும் என்றில்லை. பேரம் பேசலாம். நாலு கேட்டால் இரண்டு தருகிறோம் என்று சொல்லலாம், கெஞ்சலாம், சண்டையும் போடலாம். பெண்களும் போடலாம். புருஷனைச் சந்தியில் வைத்துத் திட்டினால் ஊர் சும்மா விடாது; சாமியைத் திட்டினால் பக்தி என்பார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"இந்தா சாமி, நில்லு. நீ கேக்குறது உனக்கே நல்லாருக்கா?"

சாமி என்னைப் பார்த்து உறுமியது. கை இடுப்பிலேயே நின்றது.

"உறுமாத. நாட்டுல அது கூடாதுன்னு சட்டம் இருக்கு. நீ பாட்டுக்குக் கேட்டுப்புட்டு மரத்துல ஏறிக்குவ. எந்த ஒடம்புல வந்து நிக்கிறியோ அந்த ஒடம்புதான் ஜெயிலுக்குப் போவணும். அதுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. உனக்கு யாரு இருக்கா?"

கூட்டத்தில் எங்கேயோ ஒருவன் சிரித்துவிட்டு இருமினான்.

"எனக்குப் பொக வேணும்" என்றது சாமி. குரல் முன்னைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரெண்டு சேவலா வாங்கிக்க."

தலையை ஆட்டியது.

"கெடா வெட்டுறோம், தைப்பொங்கலுக்கு."

அதற்கும் தலையை ஆட்டியது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. யோசித்துப் பேசவில்லை, வாயில் வந்ததைக் கொட்டினேன்.

"என்னா பெரிய பொக? வருசம் பூரா இந்த ஸ்டோரக் காவல் காக்குறியே, மழயிலயும் பனியிலயும் வெளிய நிக்கிறியே, இங்க செய்யிற தேத்தண்ணியில ஒரு வாய் உனக்கு எவனாச்சும் குடுத்திருக்கானா? அதக் கேட்டியா என்னிக்காவது? கெடைக்காத பொகைக்கு நிக்கிற, உன் வீட்டுச் சாமானக் கேக்கத் தெரியல. நீயும் எங்கள மாதிரித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உடுக்குக்காரர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். சாமி அப்படியே நின்றது. அதன் கை இடுப்பை விட்டு இறங்கி, ஸ்டோர்க் கதவுப் பக்கம் நீண்டது.

"கொண்டா" என்றது சாமி. "மொதத் தூளு."

முதல் தூள் என்பது ஸ்டோரில் ஆகச் சிறந்த ரகம். பெட்டியில் அடைத்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் போய்விடும். எங்களுக்கு மாதாமாதம் கிடைப்பது கூட்டிப் பெருக்கினால் வருகிற கடைசித் தூசி. ஸ்டோரிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாலும் கேட்டில் சோதித்துப் பிடித்துவிடுவார்கள். அதற்கும் பத்துச்சீட்டுதான். கஞ்சாவுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை.

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு, தேத்தண்ணி குடிப்பதைத் தடுக்கிற சட்டம் எதுவும் தனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னார். துரையின் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு கணக்கு வந்தது, கடைசியில் என்னையும் மீறி எனக்கு அவரைப் பிடித்துப்போகிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. எழுந்து டீமேக்கரைக் கூப்பிட்டார்.

டீமேக்கர் என்பவர்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு. தூளை ருசி பார்க்கிற வெள்ளைப் பீங்கான் கோப்பையில் அவரே ஊற்றிக் கொண்டுவந்தார். சூலத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஆவி சூலத்தைச் சுற்றி ஏறியது. சாமி குனிந்து அதை நன்றாக இழுத்தது. பிறகு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தது.

"எல்லாருக்கும் குடு" என்றது. திருநீறை அள்ளித் தலைவர் கையில் கொட்டிவிட்டு மலையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் துவண்டு விழுந்தார், இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

எல்லாருக்கும் என்றால் தோட்டத்துக்கே. சாமி சொல்லை மீற முடியாதே. பொங்கல் அண்டாவில் தண்ணீர் கொதித்தது, துரை பல்லைக் கடித்துக்கொண்டு தூள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். டம்ளர், சிரட்டை, தகரப் பேணி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு சனம் வரிசையில் நின்றது. எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. சீனி போடவில்லை. நிறம் வெயிலில் பிடித்த தேன் மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

என் கையால் காம்பு பொறுக்கிச் சுத்தம் செய்கிற தூள்தான். அதன் வாசம் என் சேலையில் எப்போதும் இருக்கும். ஆனால் அது நாக்கில் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற கொழுந்தெடுக்கிற பெண், "அக்கா, இதத்தான் நாம செய்யிறமா?" என்று மெல்லக் கேட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது, டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். இன்ஸ்பெக்டரும் இரண்டாவது கோப்பைக்கு நின்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலத்தில் என் வீட்டுக்காரரை நிறுத்தினேன். இடுப்பில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் வீசினேன். அன்றைக்கு அந்த ஆற்று மீன்களைவிடச் சந்தோஷமான மீன்கள் ஊவா மாகாணத்தில் இருந்திருக்க மாட்டா.

"உண்மையச் சொல்லுங்க. தேத்தண்ணி கேட்டது சாமியா, நீங்களா?"

"எனக்கு என்னா புள்ள தெரியும். நான் நெனவுலயே இல்ல." கொஞ்ச தூரம் நடந்தார். "ஆனா யாரோ ஒருத்தி திட்டுனது மட்டும் கேட்டுச்சு."

ரோதையில் திருநீறு பூசினார்கள், மறுநாள் ஸ்டோர் ஓடியது. ஆம்பிளைகள் கஞ்சாவை விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாமரத்துக்குப் பின்னாலிருந்த வட்டம் மேல் மலைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் முனிக்கும் கும்பிட வருகிற சனத்துக்கும் முதல் தூள் என்று துரையே பூசையன்றே ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க முனிக்குப் பக்தி பெருகியது. கிறிஸ்தவர்களான வேதக்காரக் குடும்பங்கள்கூட டம்ளரோடு வந்து நின்றன.

நான் மறக்காதது பூசைக்கு மறுநாள் காலை. பெரட்டுக்குப் போகும் முன்னால் வழக்கம்போல லயத்தில் தேத்தண்ணி ஊற்றினேன், மாதத் தூளில், நிறையச் சீனி போட்டு. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். நானும் என் டம்ளரில் ஒரு வாய் குடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் தேத்தண்ணி என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமைக்கு இன்னும் எத்தன நாளு புள்ள?"